கம்பி இருந்தது, கம்பி இல்லை: 1953-இன் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ ப்ளூ-ரே

பழைய அறிவியல் புனைவுப் படங்களை டிஸ்க்கில் சேர்த்து வைப்பவர்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் சண்டை மூட்டிவிட வேண்டுமென்றால் ஒரு கேள்வி போதும். செவ்வாய்க்காரர்களின் கலத்தைத் தாங்கிப் பிடித்த கம்பிகளை அழித்தது சரியா, தப்பா? கேட்டுவிட்டு நீங்கள் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம், அதற்குள் இரண்டு கட்சி பிரிந்திருக்கும்.

செவ்வாய்க்காரர்கள் பூமியின் மேல் படையெடுத்து வரும் இந்தப் படத்தை நான் டி.வி.யில் பார்த்தேன், 2005-இல் வந்த டி.வி.டி.யில் பார்த்தேன், 2020-இல் பழைய படங்களைத் தேர்ந்தெடுத்து டிஸ்க்கில் போடும் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரேயில் பார்த்தேன், கடைசியாக 2022-இல் பாரமவுண்ட் போட்ட, ப்ளூ-ரேயைவிட நுணுக்கம் கூடிய 4கே டிஸ்க்கிலும் பார்த்தாயிற்று. ஒரே 85 நிமிடப் படத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான், வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நான்கில் முதல் மூன்றும் மூன்று வேறு படங்கள் மாதிரி இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கம்பி. அந்தக் கலங்கள் திருக்கை மீன் வடிவத்தில், மேலே நாகப்பாம்பு படமெடுத்தது மாதிரி ஒரு கழுத்தோடு இருக்கும். செம்பில் செய்த மாதிரிகள், மூன்றே மூன்று. மேலே ஒரு தண்டவாளம் மாதிரி அமைத்து, மெல்லிய கம்பிகளில் அவற்றைத் தொங்கவிட்டு நகர்த்தினார்கள். உள்ளே விளக்கு எரிய, கழுத்து அசைய வேண்டிய மின்சாரமும் கம்பி வழியாகவே போனது. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் படத்துக்குக் கிடைத்தது. அந்தக் குழுவை நடத்திய கார்டன் ஜென்னிங்ஸ் மட்டும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

டி.வி.டி.யில், பள்ளத்திலிருந்து முதல் கலம் மெல்ல எழும்பி வரும் அந்தக் காட்சி, படத்திலேயே வயிற்றைப் பிசைய வேண்டிய இடம், அங்கே பார்த்தால் ஒரு கொத்துக் கம்பி பளபளவென்று மின்னும். கொடியில் காயப்போட்ட மாதிரி. பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். "அந்தக் காலத்து ஆட்கள் இதையா பார்த்துப் பயந்தார்கள், பாவம்" என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது.

அது தப்பு என்று புரிய, படம் எப்படித் திரைக்குப் போனது என்று தெரிய வேண்டியிருந்தது. இது மூன்று சுருள் டெக்னிகலர் கேமராவில் எடுத்த படம், அந்த முறையின் கடைசிக் காலத்துப் படங்களில் ஒன்று. லென்ஸுக்குப் பின்னால் ஒரு பிரிசம், அது ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களுக்கு அனுப்பும்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. தியேட்டருக்குப் போகும் பிரின்ட்டைச் செய்யும்போது அந்த மூன்றிலிருந்தும் ஜெலட்டின் அச்சு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் நனைத்து, வெற்றுச் சுருளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். சேலைக்கு அச்சுக்கட்டையில் சாயம் ஒற்றுகிற மாதிரிதான். சாயம் கொஞ்சம் பரவும், விளிம்புகள் இளகும், இருட்டு இன்னும் இருட்டாகும். அப்படி ஒற்றியெடுத்த பிரின்ட்டில், இரவு வானத்துக்கு முன்னால் தொங்குகிற ஒரு மெல்லிய கம்பி தாக்குப்பிடிக்காது, காணாமல் போய்விடும். கலங்களைத் தொங்கவிட்டவர்களுக்கும் இது தெரியும், எந்த அளவுக்குத் தெரியாமல் போகும் என்று கணக்குப் பார்த்தே விளக்கு வைத்திருப்பார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்றென்றால், மறுவெளியீட்டுப் பிரின்ட்களைச் சாயம் ஒற்றும் முறையில் எடுக்காமல், மூன்று நிறமும் ஒரே சுருளில் பதியும் ஈஸ்ட்மேன்கலரில் எடுத்தார்கள், வீடியோவுக்கு வந்தபோது வெளிச்சத்தைத் தூக்கி வைத்தார்கள், ஸ்கேனர்களும் கூர்மையாகிக்கொண்டே வந்தன. 1953-இல் யாரும் பார்க்காத கம்பி டி.வி.டி.யில் எல்லோருக்கும் தெரிந்தது. படத்தின் தரம் கூடக்கூடப் படம் மோசமானது, இந்த விநோதம் வேறு எந்தக் கலையிலாவது உண்டா என்று தெரியவில்லை.

2018-இல் நடந்த 4கே மீட்டெடுப்பில் மூல நெகட்டிவ்களிலிருந்து தொடங்கினார்கள். இங்கே ஒரு நல்ல விஷயம், கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் சாயமே கிடையாது என்பதால் நிறம் மங்கிப்போகும் பிரச்சினையே இல்லை, ஈஸ்ட்மேன்கலர் படங்கள் எல்லாம் வருடம் போகப்போக ரோஸ் கலராகிப் பல்லிளிக்கும்போது இவை அப்படியே இருக்கும். கெட்ட விஷயம், மூன்று சுருளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தினால் முகத்தின் ஓரத்தில் சிவப்பு நூல் மாதிரி ஒரு கோடு, காதோரம் பச்சை. பழைய பதிப்புகளில் இது நிறையவே தெரியும். இப்போது கணினியில் ஒவ்வொரு ஃபிரேமாகப் பொருத்திச் சரி செய்துவிடலாம், அதைச் செய்திருக்கிறார்கள். நிறத்துக்கு அந்தக் காலத்து டெக்னிகலர் பிரின்ட் ஒன்றை எதிரில் வைத்து ஒப்பிட்டார்கள். கூடவே கம்பிகளையும் அழித்தார்கள்.

கிரைட்டீரியன் ப்ளூ-ரே அந்த மீட்டெடுப்பின் மாஸ்டரிலிருந்து, அதாவது பிரதிகளுக்கு மூலமான பதிப்பிலிருந்து வந்தது. முதல் தடவை போட்டபோது நான் கம்பியைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அது என் கெட்ட புத்தி. பள்ளத்துக் காட்சி வந்தது, கலம் எழும்பியது, பின்னால் இருட்டு, அந்தப் பச்சை விளிம்பு மட்டும் நெருப்பு மாதிரி, தொங்குகிற மாதிரியே இல்லை, மிதக்கிறது. பாதிரியார் பைபிளைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடக்கிறார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெப்பக் கதிரின் ஆரஞ்சு, கலத்தின் செம்பு, நாயகன் ஜீன் பேரியின் பழுப்புச் சட்டை, எல்லாம் அழுத்தமாக இருக்கின்றன, ஆனால் இன்றைய படங்களில் பார்க்கிற நீலமும் ஆரஞ்சுமாக மொழுகிய சாயல் இல்லை. பண்ணை வீட்டில் செவ்வாய்க்காரன் வந்து நாயகி ஆன் ராபின்சனின் தோளில் கை வைக்கும் காட்சியில் அவன் கண்ணைப் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பகுதி. படமெடுத்த கேமராவும் உலகத்தை அதே மூன்று நிறமாகத்தான் பார்த்தது. வேண்டுமென்றே வைத்த குறும்பா தெரியாது, ஆனால் நிறம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் பதிப்பில்தான் அது என் கண்ணில் பட்டது.

குறை இல்லாமல் இல்லை. படத்தில் நிறையப் பழைய செய்திப்படத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள், அவை கீறலும் மணலுமாக வந்து விழும். டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள், அவை 1953-லேயே அப்படித்தான் இருந்தன. ஆப்டிகல் பிரின்டரில் இரண்டு மூன்று படங்களைச் சேர்த்த ஷாட்களும் அப்படியே, வெட்டி ஒட்டும் நொடியில் கிரெயின், அதாவது படச்சுருளின் மணல்துகள், திடீரென்று தடிக்கும். இதை வழித்துத் துடைக்காமல் விட்டதற்கு நான் நன்றிதான் சொல்வேன்.

ஒலிக்கு வருவோம். அசல் மோனோவும் (ஒற்றைத் தட ஒலி) இருக்கிறது, ‘ஸ்டார் வார்ஸ்’ ஒலியமைப்பாளர் பென் பர்ட் செய்த 5.1 கலவையும் இருக்கிறது. பர்ட் இந்தப் படத்தின் பரம ரசிகர், பொறுப்பாகவே செய்திருக்கிறார், வெப்பக் கதிர் பின்பக்கமாகச் சுற்றிப் போகும்போது உடம்பு சிலிர்க்கும். எலெக்ட்ரிக் கிடார் ஒலிகளைக் கலந்து செய்த அந்தச் சத்தம் இன்றைக்கும் பழசாகவில்லை. இருந்தாலும் நான் மோனோவில்தான் பார்க்கிறேன், எல்லாச் சத்தமும் முன்னால் ஒரே புள்ளியிலிருந்து மூச்சுமுட்ட வரும்போது ஒரு நெருக்கடி இருக்கிறது, ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தால் அது கொஞ்சம் ஆறிப்போகிறது. கூடுதல் அம்சங்களில், பர்ட்டும் காட்சித் தந்திரக் கலைஞர் கிரெய்க் பாரனும் படத்தின் தந்திரக் காட்சிகளையும் மீட்டெடுப்பையும் அலசும் நிகழ்ச்சியை மட்டும் தவறவிடாதீர்கள். இதே கதையை வைத்து ஆர்சன் வெல்ஸ் செய்த 1938 வானொலி நாடகமும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஏற்றது.

4கே டிஸ்க்? ப்ளூ-ரே கையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் ஹெச்.டி.ஆரில் கதிர்களும் அந்தப் பச்சை ஒளியும் இன்னும் எரிகின்றன, நிழல் கொஞ்சம் ஆழமாகிறது. டி.வி.டி.யிலிருந்து ப்ளூ-ரேக்கு வந்தபோது இருந்த அதிர்ச்சியில் கால்வாசிகூட எனக்கு இல்லை. ‘வென் வேர்ல்ட்ஸ் கொலைட்’ படத்தின் ப்ளூ-ரேயைக் கூடவே வைத்துத் தருகிறார்கள், அது வேண்டுமென்றால் வாங்கலாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர், கல்லூரிக் காலத்துப் பழக்கம், கம்பியை அழித்ததை மன்னிக்கவே மாட்டார். "நெகட்டிவ்ல இருக்கா இல்லையா? இருக்குன்னா அது படத்துல இருக்கு. நீ யாருடா அதை அழிக்க? நாளைக்கு நடிகனோட தொப்பையையும் அழிப்பியா?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெகட்டிவ் படமல்ல என்பது என் கட்சி. அது சமையலறை. பரிமாறியது பிரின்ட். தியேட்டரில் உட்கார்ந்தவன் எதைப் பார்த்தானோ அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மீட்டெடுப்பு, அதற்குக் கம்பியை அழிக்க வேண்டுமென்றால் அழிக்கலாம், கீறலை விட வேண்டுமென்றால் விடலாம்.

அவர் விடுவாரா? "அப்படின்னா ஜார்ஜ் லூகாஸ் செஞ்சதும் சரிதானே" என்று ‘ஸ்டார் வார்ஸ்’ பக்கம் இழுத்தார். இல்லை, அதே அளவுகோலை வைத்தால் அங்கே விடை நேர் எதிராக வருகிறது. 1977-இல் தியேட்டரில் உட்கார்ந்தவன் கணினியில் செய்த ஜாபாவைப் பார்க்கவில்லை, மதுக்கடையில் ஹான் சோலோதான் சுட்டான், எதிரில் இருந்தவன் முதலில் சுடவில்லை. அவையெல்லாம் படத்தின் இயக்குநர் லூகாஸ் 1997-இல் சேர்த்தவை. அதற்கப்புறம் அசல் வடிவம் அதிகாரபூர்வமாக டிஸ்க்கில் வந்தது 2006-இல் ஒரே ஒரு தடவை, அதுவும் டி.வி.டி.யின் கூடுதல் அம்சமாக, டி.வி.டி.க்கு முந்தைய பெரிய தட்டான லேசர்டிஸ்க்குக்காக 1993-இல் செய்த மாஸ்டரிலிருந்து, அகலத்திரை டி.வி.யில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டையோடு. 1989-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்த படத்துக்கு இந்த மரியாதை. பொறுக்க முடியாமல் ரசிகர்களே பழைய தியேட்டர் பிரின்ட்டைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து ‘4கே77’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். சட்டப்படி அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது வேறு பேச்சு. 2025 ஜூனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன்னிடமிருந்த 1977 டெக்னிகலர் பிரின்ட்டையே லண்டனில் ஓட்டியது, சாயம் ஒற்றிய பிரின்ட் என்பதால் நிறம் நின்றிருந்தது. இதைச் சொன்னதும் நண்பர் கொஞ்சநேரம் பேசவில்லை, ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த அளவுகோல் என்னையே மாட்டிவிட்ட இடமும் உண்டு. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. 2018-இல் கிறிஸ்டோபர் நோலன் முன்னின்று, கணினிப் பக்கமே போகாமல் மூல நெகட்டிவிலிருந்து வேதியியல் முறையிலேயே புது 70 எம்.எம். பிரின்ட்கள் எடுத்து வெளியிட்டார்கள். அதே வருடக் கடைசியில் வார்னர் 4கே டிஸ்க் வந்தது, அது 65 எம்.எம். நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து, படத்தின் இயக்குநர் குப்ரிக்கின் பல வருட உதவியாளர் லியான் விட்டாலி மேற்பார்வையில் நிறம் சரிசெய்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு, இல்லை. நோலன் பிரின்ட் மஞ்சளாக, வெதுவெதுப்பாக இருந்தது, டிஸ்க்கில் விண்கலத்தின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. 1968-இல் திரையில் எது? இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைய பிரின்ட்கள் நிறம் போய்விட்டன, நினைவுகளுக்கும் ஏறத்தாழ அதே கதிதான். நான் டிஸ்க்கின் பக்கம், காரணம் ரொம்ப எளிது, விட்டாலி குப்ரிக்கின் பக்கத்தில் நின்று இந்தப் படங்களின் பிரின்ட்களைச் சரிபார்த்த ஆள்.

டிஸ்க்காகப் பார்த்தால் அது என் அலமாரியிலேயே முதல் இடம். 65 எம்.எம். நெகட்டிவில் இருக்கும் விவரம் அப்படி, நிலவுக்குப் போகும் கலத்தின் ஜன்னலுக்குள் ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. அசல் ஆறு தட ஒலியும் சேர்த்திருக்கிறார்கள், 1999-இல் மறுகலவை செய்ததும் இருக்கிறது, அசலைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். தொடக்கத்தில் குரங்கு மனிதர்கள் வரும் பகுதியில் வானமும் மலையும் உண்மையில் பின்னால் இருந்த பிரமாண்டமான பிரதிபலிப்புத் திரையில் முன்பக்கமிருந்து வீசிய படம். அந்தத் திரைத்துணிச் சுருள்களின் பளபளப்பு ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்பட்டதால் பட்டை பட்டையாகத் தெரியக் கூடாதென்று ஒழுங்கில்லாத துண்டுகளாகக் கிழித்து ஒட்டினார்கள். டி.வி. வெளிச்சத்தை ஏற்றி வைத்துப் பார்த்தால் வானத்தில் அந்த ஒட்டுப்போட்ட தடயம் லேசாகத் தெரியும். மறுபடியும் கம்பிக் கதை. இதை யாரும் அழிக்கவில்லை, அழிக்காததும் சரி, ஒழுங்கான வெளிச்ச அளவில் தெரியாது.

ஜெர்மன் மௌனப்படமான ‘மெட்ரோபோலிஸ்’ வேறு ஜாதி. அங்கே எதை அழிப்பது என்ற பேச்சே கிடையாது, கிடைத்ததே பெரிது. 1927 ஜனவரி 10-இல் பெர்லினில் முழுசாக ஓடியது, அப்புறம் வெட்டி வெட்டிக் கால்வாசி போய்விட்டது, எண்பது வருடம் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். 2008-இல் புவெனஸ் ஐரெஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 எம்.எம். பிரதி ஒன்று வெளியே வந்தது. அதற்கு வழிகாட்டியது எது தெரியுமா? ஒரு திரைப்படக் கழகக்காரர், இந்தப் படத்தை ஓட்டும்போது சுருள் ஆடாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் புரொஜெக்டரில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று என்றோ அலுத்துக்கொண்டது. ‘இரண்டு மணி நேரத்துக்கு மேலா? தெரிந்த பதிப்பு எதுவும் அவ்வளவு ஓடாதே’ என்று ஃபெர்னாந்தோ மார்ட்டின் பேன்யா என்ற ஆய்வாளருக்குப் பொறி தட்டியது. வருடக்கணக்காக விடாமல் துரத்தினார், கடைசியில் அருங்காட்சியக இயக்குநர் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியேருடன் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பிரதி கிழிந்து நைந்த 35 எம்.எம். சுருளிலிருந்து சின்னதாக்கி எடுத்தது. மேலே மழை பெய்கிற மாதிரிக் கோடுகள், அவையும் படமாகவே பதிந்துவிட்டன, தூசி மாதிரித் துடைக்க முடியாது. ஃபிரேமின் ஓரமும் கொஞ்சம் போய்விட்டது. 2010-இல் ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்தபோது அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் முடிந்தவரை தேற்றி, வெட்டுப்பட்ட ஓரத்தைக் கறுப்பாகவே விட்டுவிட்டார்கள். ப்ளூ-ரேயில் பார்க்கும்போது பளிங்கு மாதிரி ஒரு ஷாட், அடுத்ததில் திடீரென்று படம் சிறுத்துக் கோடு கோடாக மழை, மறுபடி பளிங்கு. முதல் அரைமணி நேரம் உறுத்தும். அப்புறம் ஒரு விஷயம் நடக்கும், எது திரும்பி வந்தது என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது, மழை பெய்யத் தொடங்கினாலே ‘ஆ, இது தொலைந்து கிடைத்தது’ என்று நிமிர்ந்து உட்காருகிறோம். ஒல்லியான உளவாளி கதாபாத்திரத்துக்கு இந்தப் பதிப்பில்தான் வேலையே வருகிறது. இதை மென்பொருளில் போட்டு வழவழப்பாக்கி எல்லாம் ஒன்றுபோல் ஆக்கியிருந்தால் பொய்யாகியிருக்கும். இன்னும் இரண்டு காட்சிகள் இல்லை, அங்கே எழுத்தில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள், அதுவும் நேர்மை. இசையமைப்பாளர் ஹுப்பெர்ட்ஸின் அசல் இசையோடு பாருங்கள், எந்தக் காட்சி எதற்குப் பின் வரும் என்று வரிசைப்படுத்தவே அந்த இசைக்குறிப்புதான் உதவியது.

1902-இன் ‘எ ட்ரிப் டு தி மூன்’, கையால் வண்ணம் தீட்டிய பதிப்பு, 13,375 ஃபிரேம். 1993-இல் பார்சலோனாவில் கிடைத்தபோது சுருள் கல் மாதிரி ஒட்டிக்கிடந்தது, அதைப் பிரித்து 2011-இல் கான் விழாவுக்குக் கொண்டுவந்தார்கள். அற்புதம். அதற்குப் புதிதாகச் சேர்த்த, ‘ஏர்’ என்ற பிரெஞ்சு இசைக்குழுவின் இசையை மட்டும் நான் நிறுத்திவிடுவேன், மன்னிக்கவும்.

‘இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்’ (1953) 4கே டிஸ்க், இக்னைட் ஃபிலிம்ஸ் 2022-இல் போட்டது, பெரிய ஸ்டுடியோக்கள் வெட்கப்பட வேண்டிய வேலை. பல வருடம் மங்கிய, வெளுத்த பதிப்புகளில் பார்த்துவிட்டு, வேலிக்கு அப்பால் அந்த மணல்மேட்டின் மேல் விரியும் பச்சை வானத்தை இதில் பார்த்தால் வேறு படம் என்றுதான் தோன்றும். ஸ்காட் மக்வீன் செய்த மீட்டெடுப்பு. வாங்குங்கள், யோசிக்காதீர்கள்.

கிரெயின் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. படச்சுருளில் படம் என்பதே அந்த மணல்தான், வெள்ளி உப்பின் துகள்கள் இருந்த இடம். அதை ‘இரைச்சல்’ என்று நினைத்து டி.என்.ஆர். என்ற கணினி இரைச்சல் நீக்கியைப் போட்டு வழித்தால் கூடவே தோலின் துளை, சட்டையின் நெசவு, இலை, வியர்வை எல்லாம் போய்விடும். 2010-இல் வந்த ‘பிரிடேட்டர்’ ப்ளூ-ரே இதற்கு நிரந்தர உதாரணமாகிவிட்டது. காட்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிற ஆட்கள் மெழுகு பொம்மை மாதிரி இருப்பார்கள், ஷ்வார்ஸ்நெகரின் முகத்தில் திரி வைத்தால் எரியும். 2018-இன் 4கேயில் மணல் திரும்பி வந்தது, முகமும் திரும்பி வந்தது. ‘டெர்மினேட்டர் 2’-இன் 2017 4கேவுக்கும் அதே வியாதி. 2024-இல் ‘ஏலியன்ஸ்’ வந்தபோது, கணினியை வைத்துத் துடைத்துப் பிறகு கூர்மை ஏற்றிய முகங்களைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலருக்கு அது பளிச்சென்று புதுப்படம் மாதிரி இருக்கிறதாம். அதுதான் பிரச்சினையே. 1986-இல் அந்தப் படம் பளிச்சென்று இல்லை.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மணல் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் இருக்கும், முந்தைய ஃபிரேமை வைத்து அடுத்ததை ஊகித்துச் சுருக்குகிற முறைக்கு அதைப்போல எதிரி கிடையாது. 4கே டிஸ்க் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் போக முடியும், ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் அதில் கால்வாசிக்குள்தான். தாராளமாகக் கொடுத்தால் மணல், கஞ்சத்தனமாகக் கொடுத்தால் மணல் குழைந்து சேறு. அதோடு பதிப்பு திடீரென்று மாறும். நான் கட்டணம் கட்டிவந்த ஒரு சேவையில் போன மாதம் பார்த்த பதிப்பு இந்த மாதம் இல்லை, ஓரம் வெட்டின வேறு பதிப்பு உட்கார்ந்திருந்தது. கேட்டால் பதில் வரவில்லை. டிஸ்க் அப்படி ராத்திரியோடு ராத்திரியாக மாறாது.

டிஸ்க்கும் சாகும், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தகடுகளை ஒட்டிய பசை சரியில்லாவிட்டால் உள்ளே இருக்கும் உலோகப் படலம் அரித்துவிடும். என் டி.வி.டி.க்களில் இரண்டு அப்படிப் போயின, வெளியில் ஒரு கீறல் இல்லை, பாதிப் படத்தில் உறைந்து நிற்கும். பல வருடமாகத் தொடாத டிஸ்க்குகளை எடுத்து ஒருமுறை முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் டி.வி. அமைப்பு. இவ்வளவும் வாங்கிவிட்டு, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைக்காமல் பார்த்தால் செவ்வாய்ப் படையெடுப்பு சீரியல் மாதிரி இருக்கும். அதை அணையுங்கள், ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிட்டு வேறு எதையும் தொடாதீர்கள், வெளிச்சத்தை ஏற்றாதீர்கள், அறையை இருட்டாக்குங்கள்.

போன வாரம் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார், கிரைட்டீரியன் டிஸ்க்கைத்தான் போட்டேன். பள்ளத்துக் காட்சியில் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "சரி, இப்ப அந்தப் பழைய டி.வி.டி.யைப் போடு, அந்தக் கம்பியை எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார். போட்டேன். கலம் எழும்பும் இடத்தில் நிறுத்தி வைத்து, இருவரும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு கம்பியாக எண்ண ஆரம்பித்தோம். அந்த டி.வி.டி.யை நான் விற்கப்போவதில்லை.